நோம்பிக்குப் பூட்டுன வூடு

ஏங்கண்ணு, அந்தப் பூட்டை எங்க வாங்குன? பஸ் ஸ்டாண்டு முன்னாடி தள்ளுவண்டியிலயா? நெனச்சேன். பையைப் பாத்தா நெம்ப நல்ல பையா இருக்குது. பூட்டைப் பாரு, சுண்டுவிரல் தண்டிக்கு. மஞ்சளா மின்னுதுன்னு பித்தளைன்னு நெனச்சுக்காத, மேல வெறும் பூச்சு. நகத்துல சொரண்டிப் பாரு, தெரியும். இதையெல்லாம் என்ற கொண்டை ஊசியிலயே... அட, பயந்துக்காத சாமி. தொறக்க மாட்டேன். சும்மா சொல்றேன். சொல்லி வெச்சா உனக்குத்தானே நல்லது.

அந்தப் பக்கம் நகராத, சன்னல் பக்கம் வெயில் ஏறும். எதுவரைக்கும் போற? ஓசூரா? நானும் ஓசூருதான். எம்பொண்ணு கோமதி அங்கதான் இருக்கறா. வா வான்னு நெதமும் போனு. நாந்தான் போறதில்ல. காம்பவுண்டை விட்டுப்போட்டு நான் போயிட்டா அங்க ஆரு பாத்துக்கறது சொல்லு. இப்பத்தான் ஒருவழியா கெளம்பியிருக்கறேன். பொங்கல் வரைக்கும் இரும்மான்னு சொல்லியிருக்கறா. அதுக்கு அப்பறம் அவ மாமியார் வந்துருவாங்களாம், ரூமு பத்தாதாம். அது கெடக்குது, அப்ப பாத்துக்கலாம்.

எனக்குத் திருப்பூருதான். பனியன் கம்பெனியில செக்கிங். தெச்சு வர்ற பீஸைப் போட்டு லைட்டு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாக்கோணும். எங்க ஓட்டை, எங்க தையல் விட்டிருக்குது, எங்க எண்ணெய்க் கறைன்னு கண்டுபிடிச்சு, அந்த எடத்துல சிவப்புல அம்புக்குறி போட்ட ஸ்டிக்கரை ஒட்டோணும். கலியாணம் ஆயி வந்த நாள்ல இருந்து அதான் வேலை. அவரு போயிச் சேந்தாரு, பொண்ணு கட்டிக் குடுத்துப் போயிட்டா, கண்ணுக்குக் கண்ணாடி வந்துருச்சு, நான் இன்னும் ஓட்டைதான் பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு எடத்துல ஓட்டையைப் பாத்துட்டா எனக்குக் கம்முனு இருக்க வராது கண்ணு. அது என்ற சுபாவம்.

நான் இருந்தது லைன் வூடு. எதிரும் புதிருமா ரெண்டு வரிசை, நடுவால ஒரு பொதுப் பைப்பு. எல்லாக் கதவும் ஒரே நீலப் பெயிண்டு. எல்லாரும் வெளியூரு சனம். தேனி, விருதுநகர், சிவகங்கை, அந்தப் பக்கத்து ஆளுங்க. கம்பெனி வேலைக்கு வந்தவங்க. உள்ளூர்க்காரின்னு பாத்தா நான் ஒருத்திதான். அதனால தீவாளி நோம்பி வந்துருச்சுன்னா போதும், காம்பவுண்டே காலியாயிரும். போனஸ் வாங்குன கையோட ஆளாளுக்குப் பையைத் தூக்கிட்டு பஸ்ஸைப் புடிக்க ஓடிருவாங்க. ஊரு இருக்கறவங்க ஊருக்குப் போறாங்க. எனக்கு இதுதான் ஊரு, நான் எங்க போறது?

ஆனா எங்க பக்கத்துல ஒரு சங்கதி இருக்குது. தண்ணி தெனமும் வராது. வரும்போது வரும். வாரம் தாண்டியும் போகும். வந்தா ஒரு ரெண்டு மணி நேரம், அதுக்குள்ள டிரம்மை ரொப்பிக்கோணும். விட்டுட்டா அடுத்த தண்ணி வரைக்கும் குடத்தைத் தூக்கிட்டு அலைய வேண்டியதுதான். ஊருக்குப் போறவங்க என்ன பண்ணுவாங்க? சாவியைக் கொண்டாந்து என்கிட்ட குடுப்பாங்க. "பழனாக்கா, வீட்டைப் பாத்துக்கங்க, தண்ணி வந்தா பிடிச்சு விட்ருங்க." அவ்வளவுதான். பழனாத்தான்னு பேரு, தெக்கத்திச் சனம் எல்லாத்துக்கும் நான் பழனாக்கா.

என்ற வூட்டுக் கதவுக்குப் பின்னால வரிசையா ஆணி அடிச்சு வெச்சிருந்தேன். நோம்பிக்கு முந்துன நாளு ஒவ்வொரு ஆணியிலயும் ஒரு சாவி தொங்கும். எதுக்கு எந்தச் சாவின்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். தண்ணி வந்தா ஓஸ் டியூப்பை இழுத்துக்கிட்டு ஒவ்வொரு வூடாத் தொறந்து ரொப்பிட்டு, பூட்டி, இழுத்துப் பாத்துட்டு வருவேன். அவங்க ஊர்ல இருந்து வந்து டிரம்முல மூடியைத் தூக்கிப் பாத்துட்டு, "அக்கா, நீங்க இல்லைன்னா என்னக்கா பண்ணுவோம்"னு சேவு, கருப்பட்டி முட்டாயி, அதிரசம்னு கொண்டாந்து குடுப்பாங்க. இனிப்பு எனக்கு ஆகாது, சக்கரை இருக்குது. ஆனா வாங்கி வெச்சுக்குவேன். நோம்பின்னா எனக்கு அதுதான் நோம்பி கண்ணு.

சரி, கதைக்கு வாரேன். போன ஆவணியில பக்கத்துக் காம்பவுண்டுல ஒரு வூட்டுல பூட்டை ஒடைச்சுக் களவு போயிருச்சு. எங்க ஓனரு சென்னியப்பன் பயந்துட்டாரு. பயந்தவரு நல்ல பூட்டா வாங்கோணுமா இல்லையா? எங்கயோ மொத்தமா ஒரு அட்டைப் பெட்டி பூட்டை மலிவா வாங்கியாந்து வூட்டுக்கு ஒண்ணுன்னு குடுத்தாரு. எல்லாம் ஒண்ணாட்டவே இருந்துச்சு. சாவியும் பாக்க ஒண்ணாட்டவே இருந்துச்சு. அப்பவே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு.

ஒரு நாளு, கம்பெனியில அவசர ஆர்டரு. முழுசா ரெண்டு சிப்டு பாத்துட்டு, கண்ணு எரிய எரிய காலையில வந்து பூட்டைத் தொறந்து உள்ள போறேன், கொடியில ஆரோ சின்னப்புள்ள கவுனு தொங்குது. எனக்கு ஒண்ணும் புரியலை. கோமதி கவுனு எப்படி இங்க வந்துச்சுன்னு ஒரு நிமிசம் நின்னுட்டேன். அவளுக்கே புள்ளைங்க பள்ளிக்கூடம் போகுது, பாத்துக்க. அப்பறந்தான் அடுப்பைப் பாக்கறேன், சாமி படத்தைப் பாக்கறேன், இது பக்கத்து வூடு. மாரிச்செல்வி வூடு. நான் ஒரு கதவு முன்னாலயே நின்னு தொறந்திருக்கறேன். என்ற சாவிக்கு அவ பூட்டு தொறந்திருக்குது. துளி மக்கர் பண்ணாமத் தொறந்துச்சு.

செல்வியைப் பத்திச் சொல்லோணும். விருதுநகர்ப் பக்கம். அவ வூட்டுக்காரன் துணிக்குச் சாயம் போடற டையிங்குல வேலை. இவ டெய்லரு. ஒரு பொட்டப்புள்ள. இவளுக்குப் பிரசவ வலி வந்தப்ப ஆட்டோவுல கூட்டிட்டுப் போனது நானு. புள்ளைக்கு மொதல்ல தண்ணி வாத்துவிட்டது நானு. பொழுதோட கம்பெனி விட்டு வந்தா என்ற வூட்டுப் படியில உக்காந்து ஒரு டம்ளர் டீ குடிச்சுட்டுத்தான் அவ வூட்டைத் தொறப்பா. கோமதி போனுல பேசறது ஒரு நிமிசம். செல்வி பேசறது ஒரு மணி நேரம். சரி, அது போகட்டும்.

எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரலை. நேரா பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துல குடை கட்டி உக்காந்திருக்கற சாவிக்காரர்கிட்டப் போனேன். அவருக்கு அன்னைக்குக் கிராக்கி இல்ல போல, பேச ஆளு கெடைச்சதுன்னு பேசுறாரு பேசுறாரு, நிறுத்தவே இல்ல. நான் கொண்டுபோன என்ற பூட்டை அறுத்து உள்ளாறக் காட்டுனாரு. உள்ள கடுகாட்டம் சின்னச் சின்னக் குச்சி, மேல ஸ்பிரிங்கு. சாவி போனா ஒவ்வொரு குச்சியும் அதுக்கு உண்டான உசரத்துக்கு எந்திரிச்சு நிக்கோணும், அப்பத்தான் உருளை திரும்பும். நல்ல பூட்டுல குச்சி எச்சு, உசரமும் விதவிதமா இருக்கும். மலிவுல பாதிக் குச்சிதான் போடறாங்களாம். உசரமும் ரெண்டு மூணு தினுசுதான். ஓட்டையும் லூசு. அப்ப ஒரு பெட்டியில பாதிப் பூட்டு ஒரே சாவிக்குத் தொறக்காம என்ன பண்ணும்? சாவியே இல்லாமக்கூட ஊசியை விட்டு ஒரு ஆட்டு ஆட்டுனாத் தொறக்குதுங்கறாரு. வளையத்துப் பக்கம் தகரத்தை விட்டா தொறக்குது. அவருகிட்டக் கெடந்த அதே ரகத்துல ஒண்ணு சும்மா கல்லுல தட்டி இழுத்ததுக்கே வாயைப் பொளந்துருச்சு. இதை நம்பியா நாங்க அத்தனை பேரும் கதவைச் சாத்திட்டுப் போறோம்?

அதுக்கப்பறம் நான் பண்ணுனதை நீயே கேட்டு ஞாயம் சொல்லு. ஞாயித்துக்கெழமை, எல்லாரும் பைப்படியில துணி துவைச்சுக்கிட்டு இருக்கறாங்க. நான் என்ற சாவியை எடுத்துக்கிட்டு வரிசையாப் போனேன். ஒவ்வொரு வூட்டுப் பூட்டையும் அவங்க கண்ணு முன்னாலயே பூட்டி, என்ற சாவியைப் போட்டுத் தொறந்து காட்டுனேன். சாவிக்கு வராததைக் கொண்டை ஊசியில தொறந்தேன். ஒரு கதவும் பாக்கி இல்ல. தொறந்த பூட்டு ஒவ்வொண்ணுலயும் கம்பெனி ஸ்டிக்கரு ஒட்டுனேன். சிவப்பு அம்புக்குறி. டேமேஜ்னு தெரியோணும்ல? பைக்குள்ள எந்நேரமும் ஒரு அட்டை கெடக்கும், பழக்கத்துல ஒட்டிட்டேன்.

சிரிக்கற பாத்தியா. அப்ப ஒருத்தரும் சிரிக்கலை. புள்ளைங்க மட்டும் கையைத் தட்டுச்சு. பெரியவங்க மூஞ்சியெல்லாம் எப்படியோ போச்சு. தேனிக்காரன் பாண்டி வந்து, "ஏன்க்கா, களவாங்க வர்றவனுக்கு வழி காட்டுறீங்களா, இந்தக் கதவுதான் லேசுன்னு"ன்னு கேட்டுட்டு ஸ்டிக்கரைப் பிச்சு எறிஞ்சான். நல்லதைச் சொன்னா எடுத்துக்கிற மனசு வேணுமில்ல? பீஸ்ல ஓட்டை இருக்குதுன்னு சொன்னா தெச்சவன் செக்கிங்காரி மேல கோவிச்சுக்குவான், நான் பாக்காததா. ரெண்டு நாள்ல சரியாப் போயிருவாங்கன்னு விட்டுட்டேன்.

சரியாகலை கண்ணு. அடுத்த வாரத்துக்குள்ள அல்லாரும் ஓனரு பூட்டைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுப் பூட்டு வாங்கிட்டாங்க. அதுல எனக்குச் சந்தோசந்தான். ஆனா நான் பைப்படிக்கு வந்தா பேச்சு நின்னுரும். ஒருத்தி துணி காயப்போட வெளிய வந்தாக்கூட கதவை ஒருக்களிச்சுச் சாத்திட்டு வருவா. செல்வி வாங்குனதுதான் இருக்கறதுலயே உசத்தி. தொங்கறப்பவே கனம் தெரியும். சாவியில பல்லே இல்ல, புள்ளி புள்ளியா குழி விழுந்திருக்கும். சாவிக்காரரு அன்னைக்கு இதையும் சொன்னாரு, இந்த மாதிரியை ஆட்டி அசைச்செல்லாம் தொறக்க முடியாதுன்னு, அந்த ரகம். நாந்தான் சொல்லிக் குடுத்தேன், இந்த மாதிரி வாங்குன்னு. வாங்குனா. ஆனா வாங்குனதுல இருந்து படியில உக்காந்து டீ குடிக்கறது கொறைஞ்சு போச்சு. வேலை எச்சுன்னா. அவ வூட்டுக்காரன் சொல்லியிருப்பான், வேற என்ன.

நோம்பி வந்துச்சு. ஆணியெல்லாம் தொடைச்சு வெச்சேன். என்ன இருந்தாலும் தண்ணி வேணுமில்ல, சாவியைக் குடுத்துத்தானே ஆகோணும்னு நெனச்சேன். வெள்ளென எந்திரிச்சுக் குளிச்சுட்டுக் கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பாண்டி குடும்பம் பையைத் தூக்கிட்டுப் போச்சு. "வர்றோங்க்கா"ன்னு சொல்லிட்டு நிக்காமப் போயிட்டாங்க. அடுத்த வூடு போச்சு. எதுத்த வரிசை போச்சு. எல்லாச் சாவியும் அவங்க அவங்க இடுப்புலயே போகுது. எனக்கு அழுகையா வந்துருச்சு. அழுதேன்னு ஏன் சொல்லோணும், ஆத்திரந்தான். எந்திரிச்சுப் போயி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுட்டு டிவியைச் சத்தமா வெச்சுக்கிட்டுப் படுத்துட்டேன். நடுவால ஆரோ கதவைத் தட்டுனாங்க. ரெண்டு மூணு தரம் தட்டுனாங்க. நான் எந்திரிக்கலை. தட்டட்டும்னு இருந்துட்டேன். இன்னும் சத்தமா வெச்சேன்.

நோம்பியன்னைக்கு அந்தக் காம்பவுண்டுல நான் ஒருத்தி. தெருவுல வெடிச் சத்தம், எங்க வாசல்ல ஒரு காயிதம் கெடக்கலை. கோமதிக்குப் போன் போட்டேன், மாமியார் வூட்டுல ஒறம்பரைச் சனம் நெறைய வந்திருக்குது, அப்பறம் பேசறேன்னுட்டா. ரெண்டு இட்லி ஊத்திக்கிட்டேன். பூட்டுன கதவாப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

மறுநாளு மத்தியானம் தண்ணி வந்துச்சு. அட கெரகமே, அன்னைக்குன்னு பாத்து என்ன வேகம். பைப்பு ஆடுது. என்ற டிரம்மு முக்காவாசி நெறைஞ்சே கெடக்குது, ஒருத்திக்கு எத்தனை தண்ணி வேணும்? அவ்வளவு தண்ணியும் சாக்கடைக்குப் போகுது. ஊர்ல இருந்து புள்ளை குட்டியோட வருவாங்க, குடிக்கக் குளிக்க இருக்காது. பாத்துக்கிட்டே எப்படி இருக்கறது? நீ இருப்பியா?

தொறந்தேன். ஆமா, தொறந்தேன். புதுப்பூட்டுன்னு பேருதான், கடையில நூறு எரநூறுக்கு அதே ரகத்தை வேற அட்டையில போட்டு வித்திருக்கறான். ஒண்ணு ஊசிக்கு வந்துச்சு, ஒண்ணு தகரத்துக்கு, ரெண்டு மூணு சும்மா தட்டுனதுக்கே வந்துருச்சு. ஒரு பூட்டையும் ஒடைக்கலை. ஓஸை இழுத்துப் போட்டு ஒவ்வொரு டிரம்மா ரொப்புனேன். ரொம்பற வரைக்கும் நிக்கோணுமில்ல, அவங்க ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிட்டேன். பாண்டி வூட்டுல தக்காளி அழுகிக் கெடந்துச்சு, எடுத்துப் போட்டேன். ஒரு வூட்டுல கொடியில இருந்து துணி விழுந்து கெடந்துச்சு, மடிச்சு வெச்சேன். இன்னொரு வூட்டுல புள்ளைங்க செவுத்துல பென்சில்ல கிறுக்கியிருந்துச்சுங்க, அதைப் பாத்துக்கிட்டுச் சித்த நேரம் எச்சாவே உக்காந்துட்டேன். வேற ஒரு துரும்பைத் தொடலை. எல்லாத்தையும் பூட்டி இழுத்துப் பாத்துட்டுத்தான் வந்தேன்.

செல்வி பூட்டு மட்டும் வரலை. ஊசி போகுது, ஒண்ணும் அசையமாட்டேங்குது. தகரம் நுழையவே எடமில்ல. தட்டுனா கைதான் வலிக்குது. தண்ணி நிக்கற வரைக்கும் அவ வாசல்லயே மல்லுக்கட்டுனேன். மத்தவங்களது ரொம்பாம இருந்தாக்கூடப் பரவாயில்ல, அவளுது ரொம்பலையேன்னு எனக்கு வெசனம்.

திரும்பி வர்ற அன்னைக்கு நான் வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தேன். மூடியைத் தூக்கிப் பாத்துட்டு ஓடி வருவாங்க, அக்காம்பாங்க, அப்பப் பேசிக்கலாம்னு. மொதல்ல பாண்டி பொண்டாட்டிதான் உள்ள போனா. போனவ ஒரு அலறு அலறுனா பாரு. தண்ணியைப் பாத்து அலறுன ஆளை நான் அன்னைக்குத்தான் பாத்தேன். அப்பறம் ஒவ்வொரு வூடா அதே சத்தம். பீரோவைத் தொறந்து பாக்கறாங்க, தகர டப்பாவைக் கவுக்கறாங்க, புள்ளைங்களை டிரம்முகிட்டப் போவாதன்னு இழுக்கறாங்க. ஒண்ணும் போகலை, ஒண்ணும் கொறையலை. அப்பறம் என்ன பண்ணுனாங்க தெரியுமா? தண்ணியைக் கீழ ஊத்துனாங்க கண்ணு. டிரம்மு டிரம்மா வாசல்ல கவுத்தாங்க. எங்க ஊர்ல, அடுத்த தண்ணி என்னைக்குன்னு தெரியாத ஊர்ல. என்ற காலை நனைச்சுக்கிட்டுப் போச்சு அந்தத் தண்ணி. எதைக் கலந்திருப்பேன்னு நெனச்சாங்களோ.

பொழுதோட ஓனரைக் கூப்பிட்டுட்டாங்க. வட்டமா நின்னுக்கிட்டு ஆளாளுக்குப் பேசறாங்க. பூட்டுன வூட்டுக்குள்ள எப்படிப் போகலாம், நாளைக்குத் தூங்கறப்ப வந்தா என்ன பண்றதுன்னு. நான் தண்ணி தண்ணின்னு சொல்றேன், கேக்கறவங்க இல்ல. செல்வி புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு ஓரமா நின்னா. நான் அவளைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், இவ ஒருத்தி சொல்லட்டும், என்னைப் பத்தி இவளுக்குத் தெரியுமேன்னு.

அவ முன்னால வந்தா. மெதுவாத்தான் கேட்டா.

"எல்லாரு வீட்டுக்கும் பூட்டைத் தொறந்து பிடிச்சீங்க. எனக்கு மட்டும் ஏங்க்கா பிடிக்கல? நான் உங்கள நம்பிச் சாவி குடுத்துட்டுத்தான போனேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்கடி குடுத்த, என்ற கையிலயா குடுத்தன்னு கேட்டேன். கதவைத் தட்டுனாளாம், நான் தொறக்கலையாம், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவ வூட்டுக்காரன் கத்துனானாம், சன்னல் வழியாப் போட்டுட்டு, 'அக்கா சாவி'ன்னு கூப்பிட்டுச் சொல்லிட்டுப் போனாளாம். நான் ஓடிப்போயி சன்னல் திண்டுல பாத்தேன். கீழ பாத்தேன், கட்டிலுக்கடியில பாத்தேன். ஒரு சாவியும் இல்ல. வெளிய வந்து, அத்தனை பேரு முன்னால, பொய் சொல்லாதடீன்னு சொன்னேன். சொல்லாம என்ன பண்ணுவாங்க? இல்லாத சாவியைக் குடுத்தேன்னு சொன்னா, நான் அவ வூட்டுச் சாவியை ஒளிச்சு வெச்சிருக்கறேன்னு ஆகுதா இல்லையா? அல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கிட்டாங்க. அவ கண்ணு ரொம்பிருச்சு, உள்ள போயிட்டா. மறுநாளு அவ கதவுல வேற பூட்டு தொங்குது.

ஓனரு நல்ல மனுசந்தான். நீ கெட்டவ இல்ல பழனாத்தா, ஆனா அத்தனை பேரும் காலி பண்றேங்கறாங்க, நான் என்ன பண்ணட்டும்னாரு. கார்த்திகை வரைக்கும் டைம் குடுத்தாரு.

இன்னைக்குக் காலையில கெளம்பறேன். சாமானை எல்லாம் வித்தாச்சு. இந்தப் பையும் நானுந்தான். எல்லாரும் சிப்டுக்குப் போயிட்டாங்க, வழியனுப்ப ஆளில்ல. டிரம்மு மட்டும் கெடந்துச்சு, பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துக்கறேன்னான். உள்ள தண்ணி இருக்குது. கொட்ட மனசு வரலை. செல்வி வூட்டு வாசல்ல அவ குடம் காலியாக் கெடந்துச்சு. சரி, ஆரு குடிச்சா என்ன, ஊத்துனா ஊத்திட்டுப் போறான்னு மொண்டு மொண்டு அவ குடத்தையும் வாளியையும் ரொப்புனேன். அந்த டிரம்மை அடியோட காலி பண்ணி வருசமாச்சு கண்ணு. பாதி கொறையறதுக்குள்ள அடுத்த தண்ணி வந்துரும், நான் ஒருத்திதானே. அடித்தண்ணி வரலைன்னு சாச்சேன். கிணிங்னு ஒரு சத்தம்.

டிரம்மு இருந்தது சன்னலுக்கு நேர் கீழ. மூடி பாதிதான் மூடியிருக்கும். புரிஞ்சுதா?

இந்தா பாரு. சேலைத் தலைப்புல முடிஞ்சு வெச்சிருக்கறேன். சிவப்பு நூலு அவ கட்டுனது, எந்தச் சாவின்னு எனக்குக் கொழம்பக் கூடாதுன்னு கட்டியிருப்பா. இத்தனை நாளு தண்ணிக்குள்ள கெடந்தும் துரு ஏறலை பாத்தியா, நல்ல சாவி. அந்தக் காம்பவுண்டுல அத்தனை பேருல எனக்குச் சாவி குடுத்தவ அவ ஒருத்தி.

ஆனா நீயே சொல்லு, சாவியைச் சன்னல்ல போடறதா? கையில குடுக்கோணும் கண்ணு. இன்னும் நாலு தட்டுத் தட்டியிருக்கலாமில்ல? டிவி ஓடுது, ஆளு உள்ளதான் இருக்கறான்னு தெரியுதில்ல? தட்டுனா தொறக்காமயா போயிருவேன். எனக்கு அவ மேலதான் வருத்தம். மத்தவங்களை விடு.

போன் போட்டேன். எடுக்கலை, மிஷின்ல உக்காந்திருப்பா. சாவியைக் கொண்டுபோயி அவ கதவுலயே போட்டும் பாத்தேன். சேரலை. புதுப்பூட்டாச்சே. நல்ல பூட்டுக்கு அதுதான் லட்சணம், வேற சாவியை ஏத்துக்கவே கூடாது. அங்கயே வெச்சுட்டு வந்திருக்கலாம். என்னமோ, வெச்சுட்டு வர மனசு வரலை.

பஸ்ஸு நிக்குதே. டீக்கா? பத்து நிமிசம் நிக்கும்ங்கறாரு கண்டக்டரு. போயிட்டு வா, எனக்கு ஒண்ணும் வேண்டாம். எறங்கி ஏறுனா முழங்கால் புடிச்சுக்கும். பையை எதுக்குச் சாமி தூக்கற? படியில இடிக்கும். இங்கயே வெச்சுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்.

சரி சரி. எடுத்துட்டுப் போ. அதுவும் நல்லதுதான். நாந்தானே சொன்னேன், அந்தப் பூட்டை நம்பாதன்னு.

கர்ச்சீப்பு எதுக்குப் போடற? எடத்தை நான் பாத்துக்க மாட்டனா? நான் எங்கயும் போகலை, இங்கயேதான் இருப்பேன். ஆராவது வந்து கேட்டா, ஆள் வருதுன்னு சொல்றேன்.